படிவத்தில் எழுதியது பதிவேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் காலம் மீண்டும் வந்துவிட்டது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் கடைசித் தேதியையும் இணைக்க வேண்டிய நகல்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். இம்முறை கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு அலுவலகத்தில் நாங்கள் செய்த ஒரு தவறுதான் காரணம்.

சென்ற ஆண்டு முதன்முறையாகக் காகிதப் படிவத்துக்குப் பதில், கணினியிலோ கைப்பேசியிலோ நிரப்பி அனுப்பும் பிடிஎஃப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பட்டியலைப் பலகையில் ஒட்டிய அடுத்த வாரம், ஜும்ஆ முடிந்து நான் அலுவலகத்தைத் திறந்தபோது ஒரு சகோதரி மகளோடு வந்து நின்றார். கணவர் மவுத்தாகி இரண்டு ஆண்டு ஆகிறது. மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்திருக்கிறாள்.

"அண்ணே, எங்களுக்குத் தகுதி இல்லைன்னா சொல்லிடுங்க, பரவாயில்லை. ஆனா விண்ணப்பமே குடுக்கலைன்னு சொல்றாங்களே" என்றார்.

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். கடைசித் தேதிக்கு முன்பே படிவத்தை அனுப்பியிருக்கிறார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பக்கத்தில் இரண்டு நீல டிக்கும் விழுந்திருந்தது. எங்கள் பட்டியலில் மட்டும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

தேடிப் பார்த்தோம். படிவம் எங்கள் கணினியில் பத்திரமாக இருந்தது. திறந்தால் பெயர், மதிப்பெண், வங்கிக் கணக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் படிவங்களிலிருந்து தகவலை எடுத்துப் பட்டியலில் போடும் நிரலுக்கு அது வெற்றுப் படிவமாகத் தெரிந்திருக்கிறது. அதனால் பட்டியலில் ஒரு காலி வரி விழுந்திருக்கிறது. யாரோ நிரப்பாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து அந்த வரியை நீக்கியவன் நான்தான். அதற்குள் முதல் தவணை போய்விட்டது. இரண்டாம் தவணையோடு சேர்த்து முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கல்லூரிக்குக் கட்டுவதற்காக அந்தத் தாய் கம்மலை அடகு வைத்திருந்தார்.

கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று அந்தச் சகோதரி கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த கணினி படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இப்போது எழுதுகிறேன்.

பக்கம் வேறு, கட்டம் வேறு

பிடிஎஃப் என்ற கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993-ல் கொண்டுவந்தது. ஒரு பக்கம் எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் எடுத்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதாவது அது முதலில் அச்சுக்காகப் பிறந்தது. 1996-ல் வந்த பதிப்பில்தான் நிரப்பக்கூடிய கட்டங்கள் சேர்ந்தன.

இந்தக் கட்டம் பக்கத்தின் மேல் ஒட்டிவைத்த ஒரு சிறு பெட்டி போன்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. "மாணவர் பெயர்" என்று பக்கத்தில் அச்சாகியிருப்பது நமக்காக. பெட்டியின் உள்பெயர் கணினிக்காக. நீங்கள் தட்டச்சு செய்யும்போது, அந்த உள்பெயருக்கு நேராக உங்கள் எழுத்து சேமிக்கப்படுகிறது. தகவலை எடுக்கும் நிரல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்பெயர் இது, உள்ளே இருப்பது இது என்று எழுதிக்கொண்டு போகும்.

தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதம் எடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் போடாமல் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டுப் போனால், தெருவில் போகிற எல்லோரும் அதைப் படிக்கலாம். பெட்டிக்குள் கையை விடும் தபால்காரருக்கு மட்டும் அது கிடைக்காது. அந்தப் பெண்ணின் படிவத்தில் நடந்தது இதுதான்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. நம் தல்லாகுளத்துக்குப் பக்கத்தில் ரேஸ்கோர்ஸ் ரோட்டில், பாரதி உலா வீதியில் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்தை எல்லோருக்கும் தெரியும். 2007-ல் அது வருவதற்கு முன் பாஸ்போர்ட்டுக்காக நாம் திருச்சி அலுவலகத்தை நம்பியிருந்தோம். பாஸ்போர்ட் சேவைத் திட்டம் இணையத்துக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் விண்ணப்பிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இணையதளத்திலேயே நேரடியாக நிரப்புவது. இன்னொன்று, பிடிஎஃப் படிவத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலேயே வீட்டில் நிரப்புவது.

இரண்டாவது வழியில் ஒரு நுட்பம் இருந்தது. நிரப்பி முடித்ததும் படிவத்திலேயே உள்ள சரிபார்க்கும் பட்டனை அழுத்த வேண்டும். விடுபட்ட கட்டம் இருந்தால் அங்கேயே காட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் எக்ஸ்எம்எல் என்ற சிறு கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். அதைத்தான் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பிடிஎஃப்-ஐயே ஏற்றினால் தளம் வாங்காது. எக்ஸ்எம்எல் கோப்பில் பக்கம், கோடு, சின்னம் எதுவும் கிடையாது. பெட்டியின் பெயரும் அதற்குள் இருந்த பதிலும் மட்டும் வரிசையாக இருக்கும். அரசின் தரவுத்தளத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். சரிபார்ப்பை விண்ணப்பதாரரின் மேசையிலேயே முடித்துவிட்டு, பக்கத்தை அவரிடம் விட்டுத் தகவலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனிகளைப் பதியும் மத்திய அமைச்சகமும் 2006-ல் எம்சிஏ-21 திட்டத்தைத் தொடங்கியபோது பிடிஎஃப் படிவங்களைத்தான் நம்பியது. 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளைகளும் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தை அங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்று வந்தது. அந்தப் படிவங்களைச் சாதாரண பிரவுசரில் திறந்தால் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மட்டும் வந்து நிற்கும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது. அது பிடிஎஃப் உறைக்குள் வைத்த வேறொரு படிவ முறை என்பதால் அடோபி மென்பொருளில்தான் திறக்கும். 2017-ல் வெளியான பிடிஎஃப் 2.0 தரநிலை அந்த முறையைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அமைச்சகமும் 2022 முதல் படிப்படியாக இணையப் பக்கத்திலேயே நிரப்பும் படிவங்களுக்கு மாறிக்கொண்டது.

அப்படியானால் நாமும் இணையப் படிவத்துக்கே போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தும் ஜமாஅத் முத்திரையும் வேண்டியிருக்கிறது. பல குடும்பங்கள் ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ ஒரே தடவையில் நிரப்பி, அச்சும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரே படிவம் அச்சுக்கும் கணினிக்கும் பயன்படுவது பிடிஎஃப்-இன் வசதி. அந்த வசதிக்குள் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

நிரப்பிய படிவம் காலியாவது எப்படி?

சென்ற ஆண்டுப் படிவங்களை மீண்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் நான்கு வழிகள் தெரிந்தன.

முதலாவது, நிரப்பிய பிறகு "சேமி" என்பதை அழுத்தாமல், "பிரிண்ட்" போய் பிடிஎஃப்-ஆக எடுத்து அனுப்புவது. பிரிண்ட் என்றால் பக்கத்தை அப்படியே படமெடுத்தது போல. எழுத்து பக்கத்தோடு சேர்ந்து உறைந்துவிடும், பெட்டிகள் மறைந்துவிடும். நான் நீக்கிய படிவம் இந்த வகைதான். கடைக்காரத் தம்பி உதவியாக நினைத்து அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது, கைப்பேசிச் செயலிகள் சிலவற்றில் பிடிஎஃப்-இன் மேல் பேனாவாலும் எழுத்தாலும் குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. கட்டத்தைத் தொட்டு நிரப்பாமல், அந்தக் குறிப்பு வசதியால் மேலே எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். பெட்டி மட்டும் காலியாக இருக்கும்.

மூன்றாவது, குரோம் பிரவுசரில் நிரப்பிவிட்டுப் பதிவிறக்கும்போது, உங்கள் மாற்றங்களோடு வேண்டுமா, மாற்றங்கள் இல்லாமல் வேண்டுமா என்று கேட்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் கையில் வருவது பழைய வெற்றுப் படிவம்.

நான்காவது, அச்செடுத்துக் கையால் நிரப்பி, கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பெட்டி என்ற ஒன்றே கிடையாது. படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படிக்கும் ஓசிஆர் என்ற முறை இருந்தாலும், கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் அது தடுமாறும். வங்கிக் கணக்கு எண்ணை அதை நம்பி விட முடியாது. இப்படிப்பட்டவற்றை இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்துத் தவறுகள்

எல்லாப் பழியையும் நிரப்பியவர்கள் மேல் போடுவது நியாயமாகாது. படிவத்தை வடிவமைத்ததில் எங்கள் குறைகளும் உண்டு.

பிடிஎஃப் படிவத்தில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே உள்பெயர் வைத்தால், ஒன்றில் எழுதியது மற்றதிலும் தானாக விழும். மாணவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதினால் உறுதிமொழிப் பக்கத்திலும் வந்துவிட வேண்டும் என்றால் இது நல்ல வசதி. ஆனால் தாயின் கைப்பேசி எண்ணுக்கு வைத்த பெட்டியைப் பிரதியெடுத்துப் பாதுகாவலர் எண்ணுக்கும் போட்டுவிட்டு, உள்பெயரை மாற்ற மறந்துவிட்டோம். கடைசியாக எழுதிய எண்ணே இரண்டிலும் நின்றது. "அத்தா இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பா நம்பர் குடுத்தேன், எங்க நம்பரை யாரோ அழிச்சிட்டாங்க" என்று ஒரு தாய் குறைப்பட்டார். அழித்தது யாரும் இல்லை. எங்கள் படிவம்தான்.

டிக் போடும் கட்டத்திலும் இதே கதைதான். டிக் போட்டால் கணினிக்கு என்ன சொல் போக வேண்டும் என்று வடிவமைப்பவர்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மென்பொருள் தானாக வைத்த பெயர் ஏதாவது வரும். ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதா, பொதுநிதியிலிருந்து கொடுப்பதா என்பதை முடிவு செய்ய உதவும் கேள்வி அது. ஜகாத் பெறத் தகுதியானவர்கள் யார் என்பது வரையறுக்கப்பட்ட ஒன்று. அங்கே "தேர்வு 1" என்று வந்தால் நாங்கள் எதை எடுத்துக்கொள்வது? இவ்வாண்டுப் படிவத்தில் ஒவ்வொரு டிக்குக்கும் தெளிவான சொல் வைத்திருக்கிறோம்.

அடுத்தது எக்செல் செய்யும் குறும்பு. படிவத்திலிருந்து எடுத்த தகவல் முதலில் சிஎஸ்வி என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக வரும். அதை நேரே எக்செல்லில் திறந்தால், எண்ணைப் போல் தெரிவதையெல்லாம் அது எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணின் பூஜ்யம் போய்விடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பார்வைக்கு அதுவும் ஒரு கணக்கு எண் போலத்தான் இருக்கும்.

தேதியும் அப்படித்தான். 03/07/2009 என்றால் நமக்கு ஜூலை 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு அது மார்ச் 7. 25/07/2009 என்று வந்தால், 25-ஆவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் பாதித் தேதிகள் தலைகீழாகவும் மீதி சரியாகவும் இருக்கும். அதனால் இப்போது நாள், மாதம், ஆண்டு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். கணக்கு எண், கைப்பேசி எண் உள்ள பத்திகளை முதலிலேயே "எழுத்து" என்று அறிவித்த பிறகுதான் கோப்பைத் திறக்கிறோம்.

ஓர் இலக்கத்தின் விலை

கணக்கு எண்ணைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படுகிறது, பெயரைப் பார்த்து அல்ல. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்தால், பணம் அவருக்குப் போய்விடும். அனுப்பும் முன் கணக்குக்குரியவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அந்த வசதியை இப்போது நாங்கள் ஒவ்வொரு பெயருக்கும் பயன்படுத்துகிறோம்.

ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு வங்கியின் பெயரெழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் ஆங்கில "ஓ" எழுத்தைப் போட்டு அனுப்புகிறவர்கள் பலர். பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவதும் ஒரு சிக்கல். 2020 ஏப்ரல் 1 அன்று பல வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தன. கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. இந்த இரண்டு தவறுகளையும் இப்போது படிவமே பிடித்துச் சொல்லும்படி செய்திருக்கிறோம்.

ஒரே பெயர், பல எழுத்து

முகமது, முஹம்மது, முகம்மது. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் பல. கணினிக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். முன்னெழுத்தை ஒருவர் பெயருக்கு முன்னும், இன்னொருவர் பின்னும் போடுவார். புள்ளி வைப்பவர் உண்டு, வைக்காதவர் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் ஒரே பிள்ளை இரண்டு தடவை வந்துவிடும், அல்லது இரண்டு பிள்ளைகள் ஒன்றாகிவிடுவார்கள்.

ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வளைகுடா போகிறவர்கள் வீட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லாததால் பலர் அதைக் காலியாக விட்டார்கள். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. என்றைக்கோ காலியாக விட்ட ஒரு கட்டம், விமான நிலையக் கவுண்டரில் வந்து நின்றது.

நம் படிவத்தில் பெயரை வங்கி பாஸ்புக்கில் உள்ளபடியே, அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். தமிழில் எழுதுவதானால் யூனிகோடு எழுத்தில் எழுத வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டினால் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே போவதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தரவுத்தளத்தில் அது பொருளற்ற கலவையாகக் கிடக்கும்.

எக்செல் போதாதா, தரவுத்தளம் எதற்கு?

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வையுங்கள். எக்செல்லில் மூன்று வரி. மூன்றிலும் முகவரி, வருமானம், தாயின் கைப்பேசி எண் திரும்பத் திரும்ப வரும். வீடு மாறினால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் எது சரி என்று தெரியாது. தரவுத்தளத்தில் குடும்பத்துக்கு ஓர் ஏடு, பிள்ளைகளுக்கு ஓர் ஏடு, கொடுத்த தொகைக்கு ஓர் ஏடு என்று பிரித்து வைத்து, குடும்ப எண்ணால் மூன்றையும் இணைப்போம். முகவரி ஒரே இடத்தில் இருக்கும். எந்தக் குடும்பத்துக்கு இதுவரை எவ்வளவு போனது என்று கேட்டால் உடனே பதில் வரும். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போய், பக்கத்து வீட்டுக்கு ஒரு முறையும் போகாமல் இருக்கிறதா என்பதும் தெரியும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் உதவித்தொகை பெறுவோரின் பெயர்களைக் குலவாரியாகப் பதிந்து வைத்த ஏட்டுக்குத் திவான் என்று பெயர். கொடுக்கும் கை நேர்மையாக இருந்தாலும், ஏடு சரியில்லை என்றால் உரியவருக்குப் போய்ச் சேராது.

இனி எப்படிச் செய்கிறோம்?

வரும் ஒவ்வொரு படிவத்துக்கும், திறப்பதற்கு முன்பே, வரிசையாக ஓர் எண் கொடுக்கிறோம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு உங்களுக்கு ஒரு பதில் வரும். அந்தப் பதில் வந்தால்தான் படிவம் பதிவானது என்று பொருள். நீல டிக் என்பது யாரோ செய்தியைப் பார்த்தார்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி.

தகவலை எடுத்த பிறகு முதல் வேலை, எண்ணுவது. வந்த படிவங்களின் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். காலி வரி வந்தால் அதை யாரும் நீக்கக் கூடாது. அதன் எண்ணைப் பார்த்து, மூலப் படிவத்தைத் திறந்து, கண்ணால் படித்து நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டு இந்த ஒரு விதி இருந்திருந்தால் அந்தத் தாய் அடகுக் கடைக்குப் போயிருக்க மாட்டார்.

பதிகிறவர் ஒருவர், மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் ஒருவர் என்று மூன்று பேர். வக்ஃபு சொத்துகளைப் பதிய மத்திய அரசு 2025 ஜூன் 6-ல் தொடங்கிய உமீத் தளத்திலும் இதே ஏற்பாடுதான். முத்தவல்லி பதிகிறார், வக்ஃபு வாரியத்தின் ஒருவர் சரிபார்க்கிறார், மேலே ஒருவர் ஒப்புதல் தருகிறார். ஒருவரே மூன்றையும் செய்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

மூலப் படிவத்தை ஒருபோதும் திருத்துவதில்லை, அழிப்பதும் இல்லை. திருத்தம் எல்லாம் தரவுத்தளத்தில் மட்டும், யார் எப்போது திருத்தினார் என்ற குறிப்போடு. இதற்கான மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. படிவம் செய்ய லிப்ரே ஆபிஸ், பெட்டிகளைப் படிக்கப் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல், பதிய எஸ்கியூலைட். செலவு நம் நேரம் மட்டும்தான்.

உங்கள் தகவல் எங்களிடம் அமானிதம்

வீட்டு வருமானம், கடன், நோய், விதவை நிலை என்று நான்கு பேருக்குச் சொல்லத் தயங்குவதை எங்களிடம் எழுதித் தருகிறீர்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆதாரைத் தனியார் அமைப்புகள் கட்டாயமாகக் கேட்க முடியாது என்பது 2018 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவு. எனவே படிவத்தில் முழு ஆதார் எண் கேட்கும் கட்டத்தையே எடுத்துவிட்டோம். நகல் தர விரும்பினால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அதன் இணையதளத்திலிருந்து எடுத்துத் தாருங்கள். பலகையில் ஒட்டும் பட்டியலிலும் இனி பெயர் வராது. விண்ணப்ப எண் மட்டும் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

படிவத்தைக் கைப்பேசியில் இறக்கிய பின், கட்டத்தைத் தொட்டால் கர்சர் கட்டத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நிரப்பி முடித்ததும் "சேமி" கொடுங்கள். "பிரிண்ட்" எடுப்பது கையெழுத்துக்கு மட்டும். அனுப்பும் முன் கோப்பை மூடி, மறுபடி திறந்து, ஒரு கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். எழுத்தைத் திருத்த முடிந்தால் அது பெட்டிக்குள் இருக்கிறது. திருத்த முடியவில்லை என்றால் உறைந்துவிட்டது, மறுபடி நிரப்புங்கள். கணக்கு எண்ணை வீட்டில் இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். இரண்டு நாளுக்குள் எண்ணோடு பதில் வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதெல்லாம் சிரமமாக இருந்தால் காகிதப் படிவம் அலுவலகத்தில் எப்போதும் இருக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணினி தெரியாததால் ஒரு குடும்பம் விடுபடக் கூடாது.

அந்தச் சகோதரியின் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறை நாட்களில் அலுவலகத்துக்கு வந்து படிவங்களைச் சரிபார்த்துத் தருகிறாள். போன வாரம் ஒரு காலி வரியைக் காட்டி, "மாமா, இதை அழிக்கலையே?" என்று கேட்டாள். "இல்லைம்மா, திறந்து பாரு" என்றேன். திறந்தாள். நெல்பேட்டையிலிருந்து ஒரு பையன். பெயர், மதிப்பெண், எல்லாம் எழுதித்தான் இருந்தது.

வஸ்ஸலாம்.
செயலாளர்